"எப்படியும் விழப்போகிற பல்தானே?" – பால்பல்லைப் பிடுங்குவதா, காப்பாற்றுவதா

வேர்முனை

இந்த இழையின் தலைப்பில் உள்ள வாக்கியம் பாதிதான் சரி. பால்பல் எப்படியும் விழும். எப்போது விழும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முன்பற்கள் 6 முதல் 8 வயதுக்குள் விழுந்துவிடும். கோரைப்பல் 9 முதல் 12 வரை நிற்கும். முதல் பால் கடைவாய்ப்பல் 9 முதல் 11, இரண்டாவது பால் கடைவாய்ப்பல் 10 முதல் 12. ஐந்து வயதுக் குழந்தையின் கடைசிக் கடைவாய்ப்பல் சொத்தையானால், அந்தப் பல்லுக்கு இன்னும் ஐந்தாறு வருட வேலை பாக்கி இருக்கிறது. அதை "பால்பல்" என்று ஒதுக்குவது தவறு.

அந்த வேலை மெல்லுவது மட்டும் அல்ல. ஆறு வயதில் அந்தப் பல்லுக்குப் பின்னால் முதல் நிலைக் (நிரந்தர) கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பால்பல்லும் விழாமல், வெறும் ஈற்றில் புதிதாக வருவதால் பல பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது வரும்போது இரண்டாவது பால் கடைவாய்ப்பல்லின் பின்பக்கச் சுவரை உரசிக்கொண்டு, அதையே வழிகாட்டியாக வைத்து மேலே ஏறும். சுவர் இல்லாவிட்டால் முன்னால் சாயும். பால் கடைவாய்ப்பல்லின் இடத்தில் பின்னாளில் முளைக்க வேண்டிய நிலைப்பல்லான முன்கடைவாய்ப்பல்லுக்கு இடம் இருக்காது.

ஆகவே "பிடுங்கலாமா" என்று கேட்கும் முன் மூன்றைப் பாருங்கள். எந்தப் பல்? அடியில் வரும் நிலைப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பல்லின் உயிர்க்கூழ் (உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்திசு) எந்த நிலையில் இருக்கிறது? முதல் கேள்விக்குக் கண் போதும். மற்ற இரண்டுக்கும் எக்ஸ்ரே இல்லாமல் பதில் கிடையாது.

எக்ஸ்ரேயில் பார்க்க ஒரு கணக்கு உண்டு. நிலைப்பல்லின் வேர் ஏறத்தாழ முக்கால் பாகம் உருவான பிறகுதான் அது ஈற்றைத் தாண்டி வெளியே வரும். முன்கடைவாய்ப்பல் எலும்பினூடே மேலேற ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 4, 5 மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே மூன்று மில்லிமீட்டர் எலும்பு மூடியிருந்தால் குறைந்தது ஒரு வருடம். எலும்பே இல்லாமல் ஈறு மட்டும் மூடியிருந்தால், பிடுங்குவதில் பெரிய இழப்பு இல்லை.

நுணா

நல்ல தொடக்கம். ஒன்றைச் சேர்க்கிறேன். பால்பல் சொத்தை இவ்வளவு வேகமாகப் பரவுவது குழந்தை இனிப்பு தின்பதால் மட்டும் அல்ல. பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லுடையதில் பாதித் தடிமன்தான். உள்ளே கூழ் அறை பல்லின் அளவுக்கு மிகப் பெரியது. அதன் கொம்புகள், குறிப்பாக முன்-கன்னப் பக்கக் கொம்பு, மேற்பரப்புக்கு மிக அருகில் வரை நீண்டிருக்கும். வெளியில் குண்டூசித் தலையளவு தெரிகிற ஓட்டை உள்ளே கூழைத் தொட்டிருக்கலாம்.

இரண்டாவது, பெரும்பாலான சொத்தை பார்க்கும் இடத்தில் தொடங்குவதில்லை. இரண்டு பால் கடைவாய்ப்பற்களும் பரப்போடு பரப்பு ஒட்டி நிற்கும். அந்த இடுக்கில் பிரஷ் போகாது. அங்கே தொடங்கும் சொத்தை மேலே ஓட்டையாகத் தெரியாது. பல்லின் விளிம்பு மேட்டுக்கு அடியில் சாம்பல் நிற நிழலாகத் தெரியும். வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, பல்லைப் பஞ்சால் துடைத்துக் காயவைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் நிழல் மறைந்துவிடும். விளிம்பு மேடு உடைந்து "நேற்று வரை நன்றாக இருந்த பல்" என்று சொல்லும் கட்டத்தில் கூழ் வீங்கத் தொடங்கியிருக்கும்.

பற்கள் ஒட்டி நிற்கும் குழந்தைகளுக்கு இரவில் ஒரு முறை பல்லிடுக்கு நூல் ஓட்டுவது அவசியம். பற்பசை, மூன்று வயது வரை அரிசி மணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு, ஃப்ளூரைடு குறைந்தது 1000 பிபிஎம். குழந்தை தானே தேய்த்தாலும் ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒரு சுற்று தேய்த்துவிட வேண்டும்.

செவ்வரி

வலியை வைத்தே பல்லின் நிலையை ஓரளவு பிரிக்கலாம். பெற்றோர் சரியாகச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

குளிர்ச்சியோ இனிப்போ பட்டால் கூசி, எடுத்ததும் சில நொடிகளில் நின்றுவிடுகிறதா? கூழ் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கலாம். சாப்பிடும்போது மட்டும் வலி, இடுக்கில் உணவு சிக்கினால் வலி, எடுத்தால் சரியாகிறது என்றாலும் பெரும்பாலும் அதே நிலை.

எதுவும் படாமலே வலி வருகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால் கூழ் மீளாத அழற்சிக்குப் போய்விட்டது. வலி தானாக நின்று, சில நாள் கழித்து ஈற்றில் பரு மாதிரி ஒரு கொப்புளம் வந்தால் கூழ் செத்து, சீழ் வழி தேடி வெளியே வந்திருக்கிறது. வலி போனதால் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அந்தக் கொப்புளம் உடைந்து மூடி, மறுபடி வரும். பால் கடைவாய்ப்பல்லில் தொற்று முதலில் வேர் நுனியில் தெரியாது. வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பு கரைந்து எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரியும். அதற்கு நேர் கீழேதான் முன்கடைவாய்ப்பல்லின் கரு (எலும்புக்குள் உருவாகிவரும் பல்) இருக்கிறது. நீண்ட நாள் சீழ் நின்றால், பின்னால் வரும் நிலைப்பல் எனாமலில் பழுப்புத் திட்டு, குழி, மெலிவு ஆகியவற்றோடு முளைக்கலாம்.

தும்பை

செவ்வரி பிரித்ததையே சிகிச்சைப் படியாக எழுதுகிறேன். கீழ்ப்படியிலிருந்து மேலே.

கூழுக்கு இன்னும் தொலைவில் இருக்கும் சொத்தை, அசையாமல் உட்கார முடியாத சின்னக் குழந்தை: 38 சதவீத வெள்ளி டயமின் ஃப்ளூரைடு. பல்லைக் காயவைத்து, ஒரு துளியைச் சின்னத் தூரிகையால் ஒரு நிமிடம் தடவினால் சொத்தை நின்று கெட்டிப்படும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். சொத்தைப் பகுதி நிரந்தரமாகக் கருத்துவிடும். இதைத் தடவுவதற்கு முன்பே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்லக் கூடாது. உதட்டில் பட்டால் தோலும் கருக்கும், ஓரிரு வாரத்தில் போய்விடும். அதனால் உதட்டுக்கு முதலில் வாசலின் தடவுவார்கள். வெள்ளிக்கு ஒவ்வாமை இருந்தாலோ கூழ் திறந்திருந்தாலோ கூடாது.

இரண்டு பக்கங்களைத் தின்ற சொத்தை, வலி இல்லை, கூழ் உயிரோடு இருக்கிறது: எஃகு கேப், அதாவது பல்லை முழுதாக மூடும் உலோக உறை. சொத்தையின் மேலேயே கேப்பை ஒட்டிவிடும் ஹால் முறையில் ஊசியும் இல்லை, துளையிடலும் இல்லை. மூன்று முதல் ஐந்து நாள் முன்னதாகப் பல்லிடுக்குகளில் சின்ன ரப்பர் வளையம் வைத்து இடம் உண்டாக்குவார்கள். பிறகு பல்லின் எல்லா முகடுகளையும் மூடி, உட்காரும்போது லேசாகத் திமிறும் அளவில் மிகச் சின்னக் கேப்பைத் தேர்ந்து, கண்ணாடி அயனோமர் சிமென்ட் நிரப்பி அழுத்தி உட்காரவைத்து, குழந்தையைக் கடிக்கச் சொல்வார்கள். ஈறு சற்று வெளிறும். முதல் சில நாள் அந்தக் கேப் மட்டும் உயரமாக இடிக்கும், மற்றப் பற்கள் சேராது. சில வாரத்தில் கடி தானாகச் சமன்படும். பெற்றோர் பயப்படுவது இந்த இடத்தில்தான். நிக்கல் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இது வேண்டாம்.

கூழ் மேற்பகுதியில் மட்டும் அழற்சி: கூழ்ப்பகுதி நீக்கம். மரப்பு ஊசி, பல்லில் எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் திரை, சொத்தை முழுவதையும் முதலில் நீக்கிவிட்டு அதன் பிறகே கூழ் அறையைத் திறப்பது. தலைப்பகுதிக் கூழைச் சுரண்டி, ஈரப் பஞ்சு உருண்டையை அழுத்தி வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் ரத்தம் நின்றால் வேரிலுள்ள கூழ் நலமாக இருக்கிறது. நிற்காமல் கருஞ்சிவப்பாகக் கசிந்துகொண்டே இருந்தால் அழற்சி வேருக்குள் இறங்கிவிட்டது. இதைச் சகித்துக்கொண்டு மூடினால் ஆறு மாதத்தில் பல் பழுக்கும். நின்றால் மிச்சக் கூழை மூடும் எம்டிஏ சிமென்ட் இரண்டு மூன்று மில்லிமீட்டர், மேலே அயனோமர், அன்றே எஃகு கேப். வெறும் அடைப்போடு விட்டால் ஓரத்தில் கசிந்து மொத்த வேலையும் வீணாகும்.

கூழ் முழுவதும் கெட்டு, வேர்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன: வேர்க்கால்வாய் முழுவதும் சுத்தம் செய்து, கரையக்கூடிய பசை. இதில் சமரசமே இல்லை. நிலைப்பல்லுக்கு நிரப்பும் கட்டா பெர்ச்சாவை (ரப்பர் போன்ற பொருள்) பால்பல்லில் வைக்கக் கூடாது. வேர் கரையும்போது அது கரையாது, அடியில் வரும் பல்லுக்குக் குறுக்கே நிற்கும். கால்சியம் ஹைட்ராக்சைடு-அயடோஃபார்ம் பசை வேரோடு சேர்ந்து கரையும், சில சமயம் வேரைவிட வேகமாகவே கரையும். துத்தநாக ஆக்சைடு-யூஜினால் மெதுவாகக் கரையும், துணுக்குகள் எலும்பில் தங்கலாம்.

ஆழி

தும்பை எழுதியதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் இந்த இழை "காப்பாற்று, காப்பாற்று" என்று ஒரே பக்கம் சாய்கிறது. பிடுங்குவதே சரியான சிகிச்சையாக இருக்கும் இடங்களும் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

வேர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தால் வேர் சிகிச்சை செய்து பயன் இல்லை. கூழ் அறையின் தரை உடைந்து வேர்ப் பிரிவில் ஓட்டை விழுந்திருந்தால் பல் நிற்காது. சொத்தை ஈற்றுக்குக் கீழே எலும்பு வரை இறங்கி, கேப் பிடிக்க விளிம்பே இல்லாவிட்டாலும் அப்படியே. நிலைப்பல் வாசலுக்கு வந்துவிட்டாலும் காப்பாற்றுவதில் பொருள் இல்லை.

உடல்நிலை வைத்து மாறும் முடிவுகள் வேறு. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தை, இதய உட்சுவர்த் தொற்றுக்கு அதிக ஆபத்துள்ள குழந்தை ஆகியோருக்குக் கூழ் செத்த பல்லை வேர் சிகிச்சை செய்து வைத்திருப்பது தொற்றுக்கு ஒரு கூட்டை விட்டுவைப்பது போல. அங்கே பிடுங்குவதே பாதுகாப்பு. இதயக் குழந்தைக்குப் பிடுங்குமுன் 30 முதல் 60 நிமிடம் முன்னதாக அமாக்சிசிலின் கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதுவும் அந்த உயர் ஆபத்துப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். பால்பல் தானாக விழுந்து ரத்தம் வருவதற்கு இந்த மருந்து தேவையில்லை. ஹீமோஃபீலியா போன்ற ரத்தம் உறையாத நோய்களில் நிலை தலைகீழ். பல்லைக் காப்பாற்ற எவ்வளவு முடியுமோ அவ்வளவும் செய்வார்கள். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால் ரத்தநோய் மருத்துவரைக் கலந்து, உறைகாரணி ஏற்பாட்டோடுதான்.

முகம் வீங்கினால் விவாதம் வேண்டாம். கண்ணை மூடுமளவு வீக்கம், தாடைக்குக் கீழ் கெட்டியான வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, காய்ச்சல். இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே மருத்துவமனை. மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. அதே சமயம் ஈற்றில் மட்டும் சின்னக் கொப்புளம், காய்ச்சல் இல்லை என்றால் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. செத்த கூழுக்குள் ரத்த ஓட்டமே இல்லை, மருந்து அங்கே போகாது. மாத்திரை வீக்கத்தை இறக்கும், காரணத்தை அப்படியே விடும். அடுத்த முறை இன்னும் பெரிதாக வரும்.

வேர்முனை

ஆழி, ஒப்புக்கொள்கிறேன். நான் முதலில் எழுதியதில் உடல்நிலையை விட்டுவிட்டேன்.

பிடுங்குவது என்று முடிவானால் எப்படிப் பிடுங்குகிறார்கள் என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. மேல் முன்பல்லுக்கு ஒரே வேர், கூம்பு வடிவம். மெதுவாகச் சுழற்றினால் வந்துவிடும். கடைவாய்ப்பல் அப்படி அல்ல. கீழே இரண்டு வேர், மேலே மூன்று. வேர்கள் மெல்லியவை, வெளிப்பக்கமாக விரிந்தவை. விரல்கள் ஒரு மணியைப் பொத்திப் பிடித்திருப்பதுபோல், அந்த வேர்களுக்கு நடுவில் முன்கடைவாய்ப்பல்லின் கரு உட்கார்ந்திருக்கும். அதனால் பெரியவர்களுக்குப் பயன்படும், வேர்ப்பிரிவில் கொம்பு நுழையும் இடுக்கியைக் குழந்தைக்கு எடுக்கவே கூடாது. இடுக்கி பல்லின் கழுத்தைத்தான் பிடிக்க வேண்டும். கன்னப் பக்கம், உள்பக்கம் என்று மெதுவாக மாற்றி மாற்றிச் சாய்த்து எலும்பை விரிக்க வேண்டும். வேர் கரைந்து குறுகியிருந்தால் பத்து வினாடி வேலை. விரிந்து நீண்டிருந்தால் பொறுமை வேண்டும். கரு வேர்களுக்குள் இறுக்கமாகச் சிக்கியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால், பல்லை இரண்டாக வெட்டி ஒவ்வொரு வேராக எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் பால்பல்லோடு கருவும் சேர்ந்து வந்துவிடலாம்.

வேர் நுனி உடைந்தால்? எளிதில் எட்டினால் எடுக்கலாம். ஆழத்தில், கருவுக்கு அருகில் என்றால் விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் கரைந்துவிடும், அல்லது நிலைப்பல் ஏறும்போது தானே வெளியே வரும். "முழுசா எடுத்துடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் அதே காரணத்தால் கூடாது.

தும்பை

மரப்பு ஊசியைப் பற்றி. 2 சதவீத லிடோகெயின் அட்ரினலினோடு, உச்ச அளவு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம், அதாவது 3.3 மில்லி. 1.8 மில்லி குப்பி இரண்டு கூட முழுதாகப் போகக்கூடாது. "இன்னும் கொஞ்சம் போடுங்க, வலிக்குது" என்பதற்கு ஓர் எல்லை இருப்பது இதனால்தான். ஒரே நாளில் நான்கு மூலையிலும் பற்களை எடுக்கத் திட்டமிட்டால் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும். கீழ்த்தாடை நரம்பு மரப்புக்கு ஊசி இறங்கும் இடமும் வேறு. குழந்தையின் தாடையில் நரம்பு நுழையும் துளை, கடிக்கும் தளத்துக்குச் சமமாக அல்லது அதற்குக் கீழே இருக்கும். பெரியவருக்குப் போடும் உயரத்தில் போட்டால் மரக்காது.

ஊசிக்குப் பின் உதடு இரண்டு மூன்று மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், மரத்திருக்கும். சின்னக் குழந்தை அதைக் கடித்துப் பார்க்கும், உறிஞ்சும், நகத்தால் கிள்ளும். மறுநாள் உதடு வீங்கி மேலே வெள்ளையாகப் படலம் படிந்து வந்தால் அது பெரும்பாலும் தொற்று அல்ல, கடித்த காயம். வாரம் பத்து நாளில் ஆறும். தடுக்க ஒரே வழி: மரப்பு போகும்வரை சாப்பாடு வேண்டாம், கண் முன்னால் வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்தபின், மடித்த பஞ்சுத் துணியை 20 முதல் 30 நிமிடம் இறுக்கிக் கடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து "நின்னுடுச்சா" என்று பார்த்தால் நிற்காது. எச்சிலில் இளஞ்சிவப்பு ஒரு நாள் வரை இருக்கும், அது கசிவுதான். அரை மணி நேரம் அழுத்தியும் வாயில் ரத்தம் தேங்கினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பது, துப்புவது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். உறைந்த கட்டி பிடுங்கிக்கொண்டு வரும்.

கல்தச்சன்

வலி மருந்தைப் பற்றி யாரும் அளவு எழுதவில்லை. பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். 16 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லிகிராம். இங்கேதான் தவறு நடக்கும். சிரப் ஒரே செறிவில் வருவதில்லை. 5 மில்லியில் 120 என்றால் 10 மில்லி கொடுக்க வேண்டும். 5 மில்லியில் 250 என்றால் 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. "ஒரு மூடி" என்ற அளவு இரண்டிலும் ஒன்றல்ல. பாட்டில் முகப்பைப் படித்து, ஊசிக்குழலால் அளந்து கொடுங்கள். மரப்பு போகத் தொடங்கும் முன்பே முதல் வேளை கொடுத்துவிட்டால் வலி உச்சத்துக்குப் போகாது.

ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரைஸ் நோய்க்குறி என்ற ஆபத்து உண்டு. பல் முளைக்கும் வலிக்கென்று விற்கும் பென்சோகெயின் ஜெல்லும் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத நிலை வரலாம்.

நுணா

கல்தச்சன், நீங்கள் பல் சீரமைப்பு ஆய்வக வேலை செய்பவர் என்பதால் கேட்கிறேன். பிடுங்கிய பின் இடம் காக்கும் கம்பியை எல்லாருக்கும் போடத்தான் வேண்டுமா? சிலர் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள், சிலர் எதற்கும் போடுவதில்லை.

கல்தச்சன்

இரண்டும் தவறு. பல்லுக்குப் பல் எழுதுகிறேன்.

முன்பல் போனால் இடம் பெரிதாகச் சுருங்காது, கோரைப்பற்கள் முளைத்திருந்தால். பேச்சு, தோற்றம் வேறு விஷயம், இடத்துக்காகக் கம்பி தேவையில்லை. ஒரு பக்கப் பால் கோரைப்பல் மட்டும் போனால் நடுக்கோடு அந்தப் பக்கம் நகரும். சில சமயம் மறுபக்கக் கோரைப்பல்லையும் எடுத்துச் சமன்செய்வார்கள். காரணம் தெரியாத பெற்றோருக்கு "நல்ல பல்லை ஏன் பிடுங்குகிறார்கள்" என்று தோன்றும்.

முதல் பால் கடைவாய்ப்பல், ஆறு வயதுப் பல் இன்னும் முளைக்கவில்லை அல்லது முளைத்துக்கொண்டிருக்கிறது: கம்பி வேண்டும். அந்தப் பல் ஏற்கனவே முழுதாக வந்து மேலும் கீழும் நன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தால் இழப்பு குறைவு. அங்கே அளந்து பார்த்துக் கண்காணிப்பதே போதும் என்பது என் கருத்து. இதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

இரண்டாவது பால் கடைவாய்ப்பல்: கிட்டத்தட்ட எப்போதும் வேண்டும். இடம் அதிகம் போவது முதல் ஆறு மாதத்தில். அதனால் "பிறகு பார்த்துக்கலாம்" என்பது பலிக்காது. முடிந்தால் பிடுங்குவதற்கு முன்பே அளவு எடுத்துவிட வேண்டும்.

வளையமும் கண்ணியும் உள்ள வகைதான் அதிகம் செய்வது. பின்பல்லில் எஃகு வளையம், அதிலிருந்து 0.9 மில்லிமீட்டர் கம்பியில் கண்ணி, அதன் முனை முன்னால் உள்ள பல்லின் பின்பக்கத்தைத் தொடும். கண்ணி ஈற்றிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அகலம் முன்கடைவாய்ப்பல் நடுவே முளைக்குமளவு, சுமார் 8 மில்லிமீட்டர். ஒடுக்கமாகச் செய்தால் முளைக்கும் பல் கம்பியில் முட்டும். கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். சாலிடர் இணைப்பு உடையும், பல்லை ஒட்டிய சிமென்ட் கரைந்து வளையம் தளரும், கண்ணி அழுந்தி ஈற்றுக்குள் புதையும். தளர்ந்த வளையத்துக்கு அடியில் உணவு தேங்கி அந்த நல்ல பல்லும் சொத்தையாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். ஒட்டும் சாக்லேட், சூயிங்கம் விட வேண்டும். முன்கடைவாய்ப்பல்லின் நுனி ஈற்றில் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

கீழே இருபக்கமும் போயிருந்தால் நாக்குப் பக்க வில்கம்பி. ஆனால் கீழ் நிலை முன்பற்கள் வெளிவந்த பிறகே. அவை நாக்குப் பக்கமாகத்தான் முளைக்கும், முன்பே போட்டால் கம்பி குறுக்கே நிற்கும்.

கடினமானது, ஆறு வயதுப் பல் முளைக்கும் முன்பே இரண்டாவது பால் கடைவாய்ப்பல்லை இழப்பது. அதற்கு ஈற்றுக்குள் இறங்கும் தகடு உள்ள கருவி வேண்டும். தகட்டின் நுனி, புதைந்திருக்கும் பல்லின் முன்விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும், ஒட்டுமுன் எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்க்க வேண்டும். எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கும் இதய ஆபத்துள்ள குழந்தைக்கும் இது கூடாது. இத்தனை சிக்கலையும் ஒரு வேர் சிகிச்சையும் எஃகு கேப்பும் தவிர்க்கும். நாலு வயதில் அந்தப் பல்லுக்காக மருத்துவர்கள் அவ்வளவு போராடுவது இதற்காகத்தான்.

மறைமதி

இரட்டை வரிசைப் பல் பற்றி ஒரு கேள்வி. கீழ் முன்பல் விழாமலே பின்னால் புதுப்பல் முளைத்துவிட்டால் உடனே பிடுங்க வேண்டுமா?

செவ்வரி

அவசரம் இல்லை. 6, 7 வயதில் கீழ் முன்பற்களில் இது சாதாரணம். பால்பல் ஆடுகிறதா என்று விரலால் பாருங்கள். ஆடினால் குழந்தையையே தினமும் ஆட்டச் சொல்லுங்கள், கெட்டியான உணவை முன்பல்லால் கடிக்க விடுங்கள். பால்பல் விழுந்தால் நாக்கு புதுப்பல்லை முன்னுக்குத் தள்ளும். புதுப்பல் பாதிக்கு மேல் வந்தும் பால்பல் அசையவே இல்லை என்றால் எடுத்துவிடலாம். மேல் முன்பல்லில் இப்படி வந்தால் காத்திருக்கக் கூடாது. புதுப்பல் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டால் தானாக வெளியே வராது.

ஆடும் பல்லில் நூல் கட்டி இழுப்பது வேண்டாம். எல்லாத் திசையிலும் தாராளமாகச் சாய்ந்து, ஈற்றின் நூலிழையில் தொங்கினால் சுத்தமான துணியால் பிடித்துத் திருகினாலே வரும். அதற்கு முன் இழுத்தால் ஈறு கிழியும், வேர் உடையும், முக்கியமாக அடுத்த பல்லுக்குக் குழந்தை வாயே திறக்காது.

ஆழி

விழுந்து அடிபட்டு பல் கழன்று வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். இங்கே பால்பல்லுக்கும் நிலைப்பல்லுக்கும் விதி நேர் எதிர்.

பால்பல் முழுதாகக் கழன்று வந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது. குழிக்குள் தள்ளினால் அடியில் உள்ள கருவை நசுக்கும், தொற்றும் போகும். நிலைப்பல் என்றால் தலைப்பகுதியைப் பிடித்து, வேரைத் தொடாமல், அழுக்கிருந்தால் சில நொடி கழுவி அந்த இடத்திலேயே குழிக்குள் வைத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டு ஓட வேண்டும், அரை மணி நேரத்துக்குள் சேர்வது நல்லது. 7, 8 வயதில் எது எது என்று குழம்பும். நிலைப்பல் பெரியது, சற்று மஞ்சள், புதிதாக முளைத்ததின் விளிம்பு ரம்பம்போல் இருக்கும்.

உள்ளே அமுங்கிவிட்ட பால்பல்லை இழுக்காதீர்கள். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் தானே இறங்கி வரும். கழன்ற பல் எங்கும் கிடைக்கவில்லை, குழந்தைக்கு இருமல் அல்லது மூச்சில் சத்தம் என்றால் நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். விழுங்கியது வயிற்றுக்குப் போனால் மலத்தோடு போய்விடும்.

மறைமதி

நன்றி. இன்னொன்று: 11, 12 வயதாகியும் ஒரு கடைவாய்ப் பால்பல் மட்டும் ஆடாமல், பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்து நிற்கிறது. அதையும் காக்க வேண்டுமா, எடுக்க வேண்டுமா?

வேர்முனை

முதலில் எக்ஸ்ரே. அடியில் முன்கடைவாய்ப்பல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தாழ்ந்து நிற்கிறதென்றால் பெரும்பாலும் வேர் எலும்போடு ஒட்டிவிட்டது. பக்கத்துப் பற்கள் எலும்போடு சேர்ந்து வளர்ந்து உயர்கின்றன, இது அதே இடத்தில் நிற்கிறது. பல் மருத்துவர் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் பிடி முனையால் அதையும் பக்கத்துப் பல்லையும் மாற்றி மாற்றித் தட்டினால் வித்தியாசம் கேட்கும். பக்கத்துப் பல் மந்தமாக ஒலிக்கும், ஒட்டிய பல் உலோகத்தைத் தட்டியதுபோல் கணீரென்று ஒலிக்கும். விரலால் அசைத்தால் துளியும் நகராது.

அடியில் நிலைப்பல் இருந்து, வேர் கரைந்துகொண்டிருந்தால் சில மாதம் தாமதமாக விழும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கரையவே இல்லை, அல்லது பக்கத்துப் பற்கள் அதன் மேல் சாய்கின்றன என்றால் எடுத்துவிட்டு இடம் காக்க வேண்டும்.

அடியில் நிலைப்பல்லே இல்லை என்றால் கதை மாறுகிறது. இரண்டாவது முன்கடைவாய்ப்பல் பிறவியிலேயே இல்லாமல் போவது அரிதல்ல. அப்போது அந்தப் பால்பல்தான் நிரந்தரப் பல். வேர் நன்றாக இருந்து, தாழ்வு ஒன்றிரண்டு மில்லிமீட்டரோடு நின்றால் மேலே உயர்த்திக் கட்டி வைத்துக்கொள்ளலாம். இருபது, முப்பது வயது தாண்டியும் நிற்கும். கட்டா பெர்ச்சா கூடாது என்று தும்பை எழுதியதற்கு விதிவிலக்கும் இந்தப் பல்தான். கரைய வேண்டிய அவசியம் இல்லாததால் நிலைப்பல் போலவே நிரப்பலாம். ஆனால் எலும்பு வளர்ச்சி இன்னும் மிச்சமுள்ள 9, 10 வயதிலேயே பல் வேகமாகத் தாழ்ந்துகொண்டே போனால் வைத்திருக்கக் கூடாது. அந்த இடத்தில் எலும்பே உயராமல் பள்ளமாகிவிடும், பிற்காலத்தில் செயற்கைப் பல் பொருத்த உயரம் கிடைக்காது. அந்த முடிவைப் பல் சீரமைப்பு மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு எக்ஸ்ரேக்களையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள்.